இறந்துபோனதாக அறிவிக்கப்பட்ட இசையும், அதை நம்ப மறுத்த ரசிகர்களும்

இசை வரலாறு என்றால் பெரும்பாலும் பாடியவர்களைப் பற்றியும் வாசித்தவர்களைப் பற்றியும்தான் எழுதுவார்கள். கேட்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் கேட்டவர்களை விட்டுவிட்டால் கதையே புரியாத இசை வகை ஒன்று உண்டு. அதன் பெயர் புரோகிரசிவ் ராக். ரசிகர்கள் செல்லமாகச் சுருக்கி "புரோக்" என்பார்கள்.

1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த இசை இது. 1977 வாக்கில் பத்திரிகைகள் இதற்குக் கருமாதியே செய்து முடித்துவிட்டன. இருந்தும் இந்த இசை இன்னும் உயிரோடு இருக்கிறது. யார் காப்பாற்றினார்கள்? இசைத்தட்டு நிறுவனங்களா? இல்லை. வானொலியா? நிச்சயமாக இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அப்படி என்ன இசை அது?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். 1960-களில் ஒரு ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம். நம் பல்லவி, சரணம் போல அதற்கும் ஒரு கட்டமைப்பு உண்டு. வானொலியில் போட வசதியாக இருக்கும். 1967-ல் பீட்டில்ஸ் குழுவின் "சார்ஜென்ட் பெப்பர்ஸ்" ஆல்பம் வந்தது. தனித்தனிப் பாட்டுகளின் மூட்டையாக இல்லாமல், முழு ஆல்பத்தையும் ஒரே படைப்பாகக் கேட்கலாம் என்ற எண்ணத்தை அது பரப்பியது. அதே ஆண்டு மூடி புளூஸ் என்ற குழு ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாளின் விடியல் முதல் இரவு வரையிலான ஆல்பம் ஒன்றை வெளியிட்டது.

இந்த வகைக்கு உண்மையான தொடக்கம் என்று ரசிகர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் தேதி 1969 அக்டோபர் 10. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பமான "இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்" அன்றுதான் வெளியானது. மொத்தம் ஐந்தே பாட்டுகள். அந்த ஆண்டு ஜூலையில்தான் லண்டன் ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க இவர்களுக்கு வாய்ப்பு கிடைத்திருந்தது. ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் குழுவே உடைந்துவிட்டது!

இந்தக் குழுக்களுக்கு மெல்லோட்ரான் என்ற கருவி மிகவும் பிடித்துப்போனது. பார்க்க ஆர்கன் போல இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு. வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ கோரஸோ அதில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு விநாடி ஒலிக்கும், பிறகு நாடா தீர்ந்துவிடும். ஒரே ஆள் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் ஒலியை மேடையில் எழுப்ப அன்றைக்கு இருந்த வழி இதுதான்.

தாளமும் மாறியது. ராக் இசை என்றாலே நான்கு எண்ணிக்கை என்றிருந்ததை இவர்கள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று விரித்தார்கள். பிங்க் ஃப்ளாய்டின் "மணி" பாட்டின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடும். கிட்டார் தனி வாசிப்பு வரும்போது நான்குக்கு மாறும். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு ஒன்றும் புதிதல்ல. ஆனால் அன்றைய ராக் ரசிகனுக்கு அது பெரிய அதிர்ச்சி, பெரிய ஆனந்தமும்கூட.

ஏன் இவ்வளவு நீளம்?

காரணம் இசைத்தட்டுதான். எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் பதியலாம். "அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே பாட்டாக்கினால் என்ன?" என்று இவர்கள் யோசித்தார்கள். 1972-ல் மட்டும் பாருங்கள். யெஸ் குழுவின் "குளோஸ் டு தி எட்ஜ்" ஆல்பத்தில் மூன்றே பாட்டுகள். முதல் பாட்டே ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஜெனிசிஸ் குழுவின் "ஃபாக்ஸ்டிராட்" ஆல்பத்தில் வரும் "சப்பர்ஸ் ரெடி" ஏறத்தாழ 23 நிமிடம். ஜெத்ரோ டல் குழு இன்னும் ஒரு படி மேலே போய், "திக் ஆஸ் எ பிரிக்" ஆல்பத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டாக்கியது. விமர்சகர்கள் தன் முந்தைய ஆல்பத்தைக் "கருத்து ஆல்பம்" என்று சொன்னதால், அந்தப் போக்கையே கிண்டல் செய்ய எழுதியது அது என்று குழுத்தலைவர் இயன் ஆண்டர்சன் பின்னாளில் சொன்னார். கிண்டலுக்குச் செய்தது அமெரிக்காவில் முதலிடம் பிடித்துவிட்டது!

இப்படிப்பட்ட ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் எதுவும் புரியாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அட்டைப்படத்தைப் பார்க்க வேண்டும், உள்ளே அச்சிட்ட வரிகளைப் படிக்க வேண்டும், கேட்ட இன்னொருவனோடு பேச வேண்டும். ஆக, இந்த இசை தன் ரசிகனிடம் உழைப்பைக் கேட்டது. உழைத்துப் பெற்றதை யாரும் சுலபத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆறு ஷில்லிங் டிக்கெட்

ஆரம்பகால ரசிகர்களில் பெரும்பகுதி மாணவர்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர் சங்கங்களே கச்சேரிகளை ஏற்பாடு செய்தன; வளரும் குழுக்களுக்கு அதுதான் சோறு போட்டது. 1971-ன் தொடக்கத்தில் கரிஸ்மா என்ற சிறிய நிறுவனம் தன்னிடமிருந்த லிண்டிஸ்ஃபார்ன், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், ஜெனிசிஸ் ஆகிய மூன்று குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து ஊர் ஊராக அனுப்பியது. டிக்கெட் விலை ஆறு ஷில்லிங், அதாவது 30 பென்னி. மூன்று குழுவையும் கேட்க அவ்வளவுதான்.

லண்டனுக்கு வடமேற்கே ஐல்ஸ்பரி என்ற சிறு நகரம். அங்கே 1969-ல் தொடங்கிய ஃப்ரையர்ஸ் என்ற இசை மன்றம் ஜெனிசிஸ் குழுவுக்கு இரண்டாவது வீடு மாதிரி ஆனது. ஐல்ஸ்பரி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

வெளிநாட்டு ரசிகர்களும் முக்கியம். சொந்த நாட்டில் பெரிதாக விற்காத வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் "பான் ஹார்ட்ஸ்" ஆல்பம் 1972-ல் இத்தாலியில் முதலிடம் பிடித்தது. ஜெனிசிஸையும் இங்கிலாந்துக்கு முன்பே கொண்டாடியது இத்தாலிதான். கேட்டதோடு நிற்காமல் இத்தாலியர்கள் தாங்களும் குழு அமைத்தார்கள். பிஎஃப்எம் என்ற குழு 1973-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் நடத்திய நிறுவனத்தின் மூலமாகவே ஆங்கிலச் சந்தைக்கு வந்தது.

ரசிகர்கள் பிரிந்த இடம்

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1973 டிசம்பரில் யெஸ் குழு "டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்" என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டது. நான்கு பக்கம், நான்கு பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் "ஒரு யோகியின் சுயசரிதை" நூலில், நம் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் பாடகர் ஜான் ஆண்டர்சன் படித்தார். அந்த ஒரு அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது 80 நிமிட இசை!

இங்கிலாந்தில் அது முதலிடம் பிடித்தது. ஆனால் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில் வாசிக்க வேலை இல்லாத நேரத்தில், உதவியாளர் கொண்டுவந்த கோழிக்கறியை மேடையிலேயே சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974-ல் குழுவை விட்டு விலகினார்.

இந்த ஆல்பம் மகத்தான படைப்பா, வெறும் இழுவையா? ஐம்பது ஆண்டுகளாக ரசிகர்கள் இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகிய பிறகு வந்த ஜெனிசிஸ் உண்மையான ஜெனிசிஸா? பிங்க் ஃப்ளாய்டை இந்த வகையில் சேர்க்கலாமா கூடாதா? இப்படி ஆயிரம் வழக்குகள். வெளியாட்களுக்கு இது வெட்டிப்பேச்சாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஆல்பத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டுமானால் அதை மறுபடி கேட்டாக வேண்டும். புதிதாக வருபவனும் எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவு செய்ய அதைக் கேட்டாக வேண்டும். சண்டை நடக்கும்வரை ஆல்பம் சாகாது.

கருமாதி

1976, 77-ல் பங்க் அலை வந்தது. மூன்று ஸ்வரக்கூட்டு, இரண்டு நிமிடம், கோபம். அவ்வளவே போதும் என்றார்கள் அந்த இளைஞர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃப்ளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் கூடிய காலம் அது. கோட்டைகளையும் மந்திரவாதிகளையும் பற்றிய இருபது நிமிடப் பாட்டுகள் பலருக்கு எரிச்சலூட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1977-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் முழு ஆர்கெஸ்ட்ராவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பி, செலவு தாங்காமல் ஆர்கெஸ்ட்ராவைப் பாதியில் திருப்பி அனுப்பினார்கள். 1979-ல் குழுவே கலைந்தது.

ஆனால் கருமாதி நடந்த வீட்டில் பிணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பிங்க் ஃப்ளாய்டின் "டார்க் சைட் ஆஃப் தி மூன்" 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் இருந்தது. பத்திரிகைகள் கைவிட்டதை மக்கள் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கனடாவின் ரஷ் குழு இன்னொரு உதாரணம். 1975-ல் வந்த அவர்களின் மூன்றாவது ஆல்பம் சரியாகப் போகவில்லை. "சின்னப் பாட்டாக எழுதுங்கள்" என்று நிறுவனம் நெருக்கியது. அவர்கள் செய்தது நேர் எதிர். 1976-ல் வந்த "2112" ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க ஏழு பகுதிகள் கொண்ட ஒரே பாட்டு. எந்த இசையைக் கேட்கலாம் என்று பூசாரிகள் முடிவு செய்யும் எதிர்கால உலகில், ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கும் கதை அது. நிறுவனத்துக்குக் கொடுத்த பதிலாகவே அதை வாசிக்கலாம்! அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது.

பல ஆண்டுகள் ரஷ் குழுவை "ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்" அமைப்பு கண்டுகொள்ளவே இல்லை. 2012-ல் முதல்முறையாக ரசிகர்களுக்கும் வாக்களிக்க வழி செய்தார்கள். ரஷ் முதலிடம். 2013-ல் அந்தக் குழு சேர்க்கப்பட்டது.

ஐல்ஸ்பரியிலிருந்து ஒரு குழு

இனிதான் முக்கியமான கட்டம். அதே ஐல்ஸ்பரியில் 1979-ல் ஒரு குழு தொடங்கியது. டோல்கீனின் "சில்மரில்லியன்" நூலின் பெயரை வைத்துக்கொண்டு, பிறகு அதை "மரில்லியன்" என்று சுருக்கினார்கள். பங்க் வென்றுவிட்ட காலத்தில் பழைய ஜெனிசிஸ் பாணியில் வாசிக்கக் கிளம்பியவர்கள்! 1982-ல் வந்த முதல் சிங்கிளின் பெயரே "மார்க்கெட் ஸ்கொயர் ஹீரோஸ்". ஐல்ஸ்பரி சந்தைச் சதுக்கத்து ஆட்கள் பற்றியது. 1985-ல் "மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்" ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம். அதிலிருந்த "கேலி" பாட்டு இரண்டாமிடம். அதற்குப் பிறகு அந்த நாட்டில் எத்தனையோ பெண்குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்.

1988-ல் பாடகர் ஃபிஷ் விலகினார். அடுத்த ஆண்டு ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். விற்பனை படிப்படியாகக் குறைந்தது. 1995-ல் "அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட்" ஆல்பத்துக்குப் பிறகு ஈ.எம்.ஐ. அவர்களைக் கழற்றிவிட்டது (மாதத் தவணை இல்லீங்க, இசைத்தட்டு நிறுவனம்!).

1997. புதிய ஆல்பம் வந்தும் அமெரிக்காவுக்குப் போகப் பணம் இல்லை. முன்பெல்லாம் சுற்றுப்பயண நஷ்டத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். இப்போது அது கிடையாது. கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி, ரசிகர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில் இந்த நிலைமையை உள்ளபடியே எழுதினார். அவர் பணம் கேட்கவில்லை. ரசிகர்களே ஒரு கணக்கைத் திறந்து பணம் சேர்க்க ஆரம்பித்தார்கள். சேர்ந்தது சுமார் 60,000 டாலர். குழு அமெரிக்கா போனது. இதில் கவனிக்க வேண்டியது, நன்கொடை கொடுத்தவர்களும் கச்சேரிக்குத் தனியாக டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும்.

கெல்லிக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. நிறுவனத்திடம் கடன் வாங்கி ஆல்பம் பதிவு செய்து, உரிமையையும் அவர்களுக்கே எழுதிக்கொடுப்பதற்குப் பதிலாக, ரசிகர்களிடமே முன்பணம் வாங்கினால் என்ன? தங்களிடம் முகவரி இருந்த சுமார் 6,000 பேருக்கு மின்னஞ்சலில் கேட்டார்கள். இன்னும் எழுதப்படாத ஆல்பத்துக்கு 12,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள்! 2001-ல் "அனோராக்னோஃபோபியா" வந்தது. "அனோராக்" என்றால் குளிர்ச்சட்டை. ஆங்கிலேயர்கள் பேச்சுவழக்கில், ஒரே விஷயத்தில் பைத்தியமாக இருப்பவனை அப்படிக் கேலி செய்வார்கள். ரசிகர்களைக் குத்தும் அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, "எங்களுக்கு அனோராக்குகளைக் கண்டு பயமில்லை" என்றது குழு. கையில் பணம் இருந்ததால், கழற்றிவிட்ட அதே ஈ.எம்.ஐ.யுடன் தங்களுக்குச் சாதகமான விநியோக ஒப்பந்தமும் போட முடிந்தது.

2004-ல் வந்த "மார்பிள்ஸ்" ஆல்பத்துக்கும் அதே முறை. சிறப்புப் பதிப்பில் முன்பணம் கட்டியவர்களின் பெயர்கள் அச்சாயின. வந்த பணத்தில் விளம்பரமும் செய்தார்கள். "யூ ஆர் கான்" என்ற சிங்கிள் இங்கிலாந்தில் ஏழாமிடம் பிடித்தது. 1987-க்குப் பிறகு அவர்கள் முதல் பத்துக்குள் வந்தது அப்போதுதான்.

இன்று கூட்டுநிதி என்றதும் நமக்குக் கிக்ஸ்டார்ட்டர் நினைவுக்கு வரும். அது தொடங்கியது 2009-ல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, "செத்துப்போன" இசையின் ரசிகர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நாணயத்தின் மறுபக்கம்

எல்லாமே ரசிகர்களால் முடியும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரசிகர்களே 1999-ல் தொடங்கிய நியர்ஃபெஸ்ட் என்ற விழா, உலகெங்கிலுமிருந்து குழுக்களை அழைத்து வந்தது. 2011-ல் டிக்கெட் போதுமான அளவு விற்காததால் விழாவையே ரத்து செய்தார்கள். 2012-ல் கடைசியாக ஒருமுறை நடத்தி மூடிவிட்டார்கள்.

இடைத்தரகர் பிரச்சினையும் உண்டு. மரில்லியன் 2016-ல் "எஃப்.ஈ.ஏ.ஆர்." ஆல்பத்தைப் பிளெட்ஜ்மியூசிக் என்ற நிறுவனம் வழியாக வெளியிட்டு நான்காமிடம் பிடித்தது. அந்த நிறுவனமே 2019-ல் நொடித்துப்போனது. ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ரசிகனுக்கும் கலைஞனுக்கும் நடுவே மறுபடி ஒரு கம்பெனி வந்து உட்கார்ந்தால் பழைய கதைதான்.

இன்னொரு ஆபத்து நுட்பமானது. பணம் கட்டிய ரசிகன் பழைய ஆல்பம் மாதிரியே இன்னொன்றைக் கேட்டால்? "முன்னேறும் இசை" என்று பெயர் வைத்துவிட்டு 1972-லேயே நிற்கச் சொல்லும் ரசிகர்கள் நிறைய உண்டு. மரில்லியன் இதில் தப்பித்ததற்குக் காரணம், அவர்கள் ரசிகர்களிடம் பணத்தைக் கேட்டார்களே தவிர, என்ன வாசிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஃபிஷ் காலத்துப் பாணியை எதிர்பார்த்தவர்கள் விலகிப் போனார்கள். இருந்தவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். 2022-ல் வந்த "ஆன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்" இங்கிலாந்தில் இரண்டாமிடம் வரை போனது. அதற்குள் ஹோகார்த் வந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவாக

ஒரு கலை எப்போது சாகிறது? விமர்சகர் சொல்லும்போதா, விற்பனை விழும்போதா? இந்த வரலாறு வேறு பதில் சொல்கிறது. அதைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுவது நிற்கும்போதுதான் சாகிறது. "டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்" இழுவை என்று ஒருவனும், காவியம் என்று இன்னொருவனும் கத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் நேரத்தை வீணடிக்கவில்லை. அந்தப் பேச்சில் பழகிய ஆட்கள்தான், தேவை வந்தபோது 60,000 டாலரைச் சேர்த்தார்கள். முன்பின் பார்த்திராதவனை நம்பிப் பணம் அனுப்ப முடிந்ததற்குக் காரணம், அவனோடு அதற்கு முன்பே ஆல்பம் ஆல்பமாகப் பேசியிருந்ததுதான்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை: முதலில் "டார்க் சைட் ஆஃப் தி மூன்", அடுத்து "குளோஸ் டு தி எட்ஜ்", பிறகு "மார்பிள்ஸ்". முதல்முறை கேட்கும்போது பிடிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, பிடிக்காததற்கான காரணத்தோடு வாருங்கள். சண்டைக்கு ஆள் தயார்!